வித்துவானின் ஆயுதம்

கொத்தனூர் ஜமீனில் ஆயுத பூஜை. கிணறு தூர்வாருகிற ஒச்சாயி தன் மண்வெட்டியைக் கழுவிப் பொட்டு வைத்து, ஜமீன்தாரின் வாளுக்குப் பக்கத்தில் சாத்தினாள். பூஜையில் வைத்ததை மறுநாள் விடியும்வரை எடுக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம்.

ஆஸ்தான வித்துவான் வைத்தமாநிதிக்கு அது பொறுக்கவில்லை. "யுத்தத்துக்கு உதவுவதுதான் ஆயுதம். அந்தச் சொல் பிறந்ததே அப்படித்தான். உன் மண்வெட்டி எந்த யுத்தத்துக்குப் போயிற்று? எடுத்துப் போய் என் வீட்டுக் கிணற்றைத் தூர்வாரு. இல்லையென்றால் நாளையிலிருந்து உனக்கு இங்கே வேலை கிடையாது."

ஜமீன்தாரும் தலையாட்டிவிட்டார். மண்வெட்டியை எடுக்கக் குனிந்த ஒச்சாயி பாதியில் நிமிர்ந்தாள்.

"சாமி சொன்னா சரிதான். ஆனா எசமான், இந்த வாளு வருசத்துக்கு ஒருக்கா பூஜைக்குத்தான் சுவரைவிட்டு இறங்குது. நேத்து சபையில ரெண்டு புலவருங்கள ஊரைவிட்டே ஓடவெச்சது சாமியோட நாக்கு. காலையில சமையக்காரரை அழவெச்சதும் அதுதான். சாமி சொல்ற அர்த்தப்படி, அதுக்குத்தானே முதல்ல பொட்டு வைக்கணும்?"

வித்துவான் மறுத்துப் பேச வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் தெரிந்த நாக்கில் ஜமீன்தாரே சந்தனத்தைத் தொட்டுப் பொட்டு வைத்துவிட்டார்.

ஒச்சாயி மண்வெட்டியை இன்னும் கொஞ்சம் நேராகச் சாத்தினாள்.

"விடியிற வரைக்கும் எடுக்கக் கூடாது, சாமி."