சொல்ல வந்த இருமல்

ஒரு பெண்ணின் நெஞ்சுக்குள் ஓர் இருமல் காவல் இருந்தது. இங்கிதம் தெரியாத பிறவி. தூசு வந்தால் கத்தும், புகை வந்தால் கத்தும், மற்ற நேரம் சுருண்டு தூங்கும். அந்தப் பெண்ணின் பெயர் சந்தனமாரி. விறகடுப்பில் இட்லி அவித்து விற்றுப் பிழைக்கிறவள். ஆகையால் இருமலுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

ஒருநாள் வலது நுரையீரல் அதைத் தட்டி எழுப்பியது.

“ஏய், என் மாடி அறையில எவனோ வந்து உக்காந்திருக்கான். கட்டின்னு பேரு. சுண்டைக்காய் அளவுதான் இருக்கான். சத்தமே போட மாட்டேங்கான்.”

“விரட்டிற வேண்டியதுதானே?”

“என்னால ஆகாது. அவனைத் தூக்குறதுக்குன்னே பெரிய ஆஸ்பத்திரியில ஆளுக இருக்காக. இப்பமே தெரிஞ்சா வேரோட எடுத்துருவாக, இவளும் பிழைச்சுக்கிடுவா. நீ போய்ச் சொல்லு.”

இருமல் தலையைச் சொறிந்தது. “எனக்குப் பேச வராதே. கத்தத்தான் தெரியும்.”

“கத்து. விடாமக் கத்து. காது இருக்கிறவுக கேப்பாக.”

கேட்டார்கள், கேட்காமல் என்ன! ஆளுக்கொரு அர்த்தம் கையில் தயாராக வைத்திருந்தார்கள். புருஷன் பேச்சிமுத்து, அடுப்புப் புகை என்றான். அடுத்த வீட்டுக்காரி, பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். மருந்துக்கடைக்காரர் ஒன்றுமே கேட்காமல் சிரப் பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டினார்.

சிரப் தித்திப்பாக இறங்கி வந்து இருமலின் தலையைத் தடவியது. “பாவம், எம்புட்டுக் கத்திட்டே. தூங்கு ராசா.”

“தூங்கவா? நான் ஒரு சேதி சொல்லணும். மாடியில ஆள் இருக்கான்.”

“சேதி கீதியெல்லாம் எனக்குத் தெரியாது. உன் வாயை அடைக்கத்தான் என்னை வாங்கியிருக்காக.”

இருமல் எவ்வளவோ முறுக்கிப் பார்த்தது. கண் சொருகிவிட்டது. முழித்துப் பார்த்தபோது கட்டி எலுமிச்சம்பழம் அளவுக்கு வளர்ந்து, காலை நீட்டிப் படுத்திருந்தது.

அந்த நேரம் பார்த்து மகள் முத்துச்செல்வியைப் பெண் பார்க்க வந்தார்கள்.

“அவுக முன்னால இருமித் தொலைச்சிராதே. காசம்னு நெனச்சு எந்திரிச்சுப் போயிருவாக,” என்றான் பேச்சிமுத்து.

சந்தனமாரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அடுக்களையில் நின்றாள். இருமல் முட்டியது, மோதியது. அவள் கண்ணில் நீர் வழிந்ததே தவிர சத்தம் வெளியே வரவில்லை.

“தாயே, உனக்காகத்தானே கத்துறேன்! என் மென்னியையே பிடிக்கியே,” என்று அழுதது இருமல். சம்பந்தம் நல்லபடியாகப் பேசி முடிந்தது. வந்தவர்கள் கேசரி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இனித் தனியாகக் கத்திப் பயனில்லை என்று இருமல் கொஞ்சம் ரத்தத்தையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பியது. அதைப் பார்த்துத்தான் உள்ளூர் டாக்டரிடம் போனார்கள். படம் எடுத்ததில் ஒரு நிழல் தெரிந்தது. சளியில் கிருமி இல்லை. இல்லாவிட்டால் என்ன? பீடி சிகரெட்டைத் தொடாத பொம்பளை, அவளுக்குப் புற்று எங்கேயிருந்து வரும், காசமாகத்தான் இருக்கும் என்று மாத்திரையை எழுதிவிட்டார் அந்த மகராசன்.

மாத்திரைகள் கும்பலாக வந்து இறங்கின. “எங்கே கிருமி?”

“கிருமி இல்லய்யா. கட்டி. அந்தா, மாடியில பாருங்க.”

“எங்களுக்குக் கிருமியை அடிக்கத்தான் உத்தரவு. கோர்ஸ் முடியிற வரைக்கும் இங்கதான் சுத்துவோம்.”

கட்டி அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாயைத் திறந்தது. “வாங்க, வாங்க. நீங்க இருக்கிற வரைக்கும் என்னை ஒருத்தரும் தேட மாட்டாக.”

கோர்ஸ் முடிந்தது. சந்தனமாரி பாதியாக இளைத்திருந்தாள். முதுகெலும்பு வலித்து, இட்லிக் கொப்பரையைத் தூக்க முடியாமல் போன பிறகுதான் மதுரைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள்.

அங்கே இருமலுக்கு ராஜ மரியாதை. எப்போதிருந்து, எப்படி, ரத்தம் எவ்வளவு என்று ஒருவர் மாற்றி ஒருவர் விசாரித்தார்கள். ஆபரேஷன் அறையிலிருந்த கேமராக் குழாய் அதைப் பார்த்துச் சிரித்தது.

“பயப்படாதே. விலா எலும்பை விரிச்சு நெஞ்சைத் தொறக்கிற காலமெல்லாம் மலையேறிப் போச்சு. விரல் நுழையிற ஓட்டை போதும், நான் உள்ளே போயிருவேன்.”

“எனக்கு மணிக்கட்டு எந்தப் பக்கமும் திரும்பும்,” என்று பீற்றிக்கொண்டது பக்கத்திலிருந்த எந்திரக் கை. “அந்த அறையை மட்டும் அலுங்காமக் கழத்திருவேன். சீக்கிரமே எந்திரிச்சு நடப்பா.”

இருமலுக்கு உயிர் வந்தது. “அப்ப வாங்க, இப்பமே போவோம்.”

அதற்குள் ஸ்கேன் எந்திரம் தலையைக் குனிந்துகொண்டு வந்தது. “வேண்டாம். கட்டி அந்த அறையை விட்டு எப்பவோ கிளம்பிட்டான். முதுகெலும்பில ஒரு வீடு, ஈரல்ல ஒரு வீடு கட்டிட்டான்.”

கேமராக் குழாய் தன் விளக்கை அணைத்துக்கொண்டது. எந்திரக் கை மடங்கிக்கொண்டது.

“சுண்டைக்காயா இருக்கையில வந்திருக்கலாமே,” என்றது அந்தக் கை மெதுவாக.

“நான் வந்தேன்,” என்றது இருமல். “என்னைத்தான் யாரும் கூட்டிட்டு வரலை.”

புதிதாக வந்திருந்த ஒரு மாத்திரை மட்டும் முன்னே வந்தது. “கட்டியில ஒரு துணுக்கு எடுத்துப் பாக்கட்டும். எனக்குப் பணியிற ரகமா இருந்தா, அதட்டி உக்கார வைப்பேன், கொஞ்ச காலம். துரத்தச் சொல்லாதே.”

டாக்டர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பேச்சிமுத்து வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். கூட வந்திருந்த மைத்துனனைப் பார்த்துச் சொன்னான்:

“நல்லாத்தானே இருந்தா மாப்ளே. ஒரு அறிகுறிகூடக் காட்டாம இப்படித் திடுதிப்புனு வந்துட்டுதே.”

பக்கத்தில் சுருண்டிருந்த சந்தனமாரியின் நெஞ்சுக்குள் இருமல் அதைக் கேட்டது. அதற்கு ஆத்திரம் தாங்கவில்லை. இத்தனை மாதக் கத்தலையும் சேர்த்து, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி ஒரே கத்தாகக் கத்தியது. அவள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

பேச்சிமுத்து பதறிப்போய் அவள் உச்சந்தலையைத் தட்டினான்.

“தண்ணி குடி தாயி. புரையேறிட்டுது. யாரோ உன்னை நெனைக்காக.”