நான்காம் மாடிக் காற்று

ஏகாம்பரத்துக்கு வயது ஐம்பத்தேழு. அவருடைய குரு மங்கையர்க்கரசிக்கு நாற்பத்திரண்டு. மூச்சுநோய் வார்டில் பதினான்கு வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு, வேலையை விட்டவர். வேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி அறையில் ஞாயிறுதோறும் காலையில் தியானம் சொல்லிக் கொடுத்தார். பேச்சு குறைவு. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் வழக்கம் அதைவிடக் குறைவு.

சித்திரை மாதத்து ஞாயிறு ஒன்றில், எல்லோரும் போன பிறகு ஏகாம்பரம் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஐயா?"

"ஒரு கேள்வி அம்மா. கவனம் ஒரு இடத்துல நிக்காதவங்களுக்கு எப்படிக் கத்துக் குடுக்கறது?"

"யாருக்கு?"

ஏகாம்பரம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் மேலாளர். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் இடம். நான்காவது மாடியில் ஒரே பெரிய ஹால், அறுபது பேர். இரண்டு வருஷமாகத் தப்பு மேல் தப்பு. மத்தியானமானால் பாதிப்பேர் சொக்குகிறார்கள். தலைவலி என்று லீவு. பத்து நிமிஷத்துக்கு ஒருவர் பாத்ரூம் பக்கம் போகிறார்.

"நூருன்னிசான்னு ஒருத்தங்க. மேசையில தலை வெச்சு ரெண்டு தடவை தூங்கிட்டாங்க. வேலையை விட்டு எடுக்கற உத்தரவு டைப் பண்ணிட்டேன். கையெழுத்து மட்டும் பாக்கி."

"அவங்க எங்க உட்காருவாங்க?"

"கடைசி வரிசை. சுவரோரம்."

"நீங்க?"

"எனக்குத் தனி ரூம். பால்கனிக் கதவு இருக்கு."

மங்கையர்க்கரசி பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தார். "நாளையிலிருந்து நீங்க அவங்க நாற்காலியில உட்காருங்க. அவங்க உங்க ரூம்ல உட்காரட்டும். வெள்ளிக்கிழமை வந்து என்னைப் பாருங்க. கையெழுத்தை அதுக்கப்புறம் போட்டுக்கலாம்."

"காரணம் கேட்டா என்ன சொல்றது?"

"தெரியாதுன்னு சொல்லுங்க. தெரியாது தானே?"

திங்கட்கிழமை காலை ஏகாம்பரம் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். ஹாலே திரும்பிப் பார்த்தது. நூருன்னிசா தன் டிபன் பையை எடுத்துக்கொண்டு, ஏதோ தண்டனைக்குப் போவதுபோல மேலாளர் அறைக்குள் போனார்.

ஏகாம்பரத்துக்குத் தன் மேல் நம்பிக்கை உண்டு. தினமும் விடியற்காலை நாற்பது நிமிஷம் அசையாமல் உட்காருகிறவர். சரியாக எழுதப்பட்ட விண்ணப்பம் எது, எழுதப்படாதது எது என்று முகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துச் சொல்லிவிடுவார். அன்று பதினொரு மணிக்குத் தொண்டை வறண்டது. தண்ணீர் குடித்தார். மூன்று மணிக்கு நெற்றிப்பொட்டில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமையும் அதே நேரம், அதே வலி. நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு மேலே பொய்க்கூரையில் கறுப்பாகப் படர்ந்திருந்தது. போன ஐப்பசியில் ஒரே நாளில் ஒரு மாத மழை கொட்டியபோது ஒழுகிய இடம். மேலே வெள்ளை அடித்தாகிவிட்டதென்று அவருக்குக் கணக்குச் சொல்லியிருந்தார்கள். வெள்ளையை மீறிப் பூஞ்சை எட்டிப் பார்த்தது.

ஜன்னல் இருந்தது. திறக்காது. முன்பெல்லாம் மாசி முடியும்வரை ஜன்னலைத் திறந்துவைத்துக் காற்றாடியிலேயே ஓட்டிவிடுவார்கள். இப்போது தை கழியும் முன்பே வெயில் வந்துவிடுகிறது, ஐப்பசிவரை போவதில்லை. மூன்று வருஷம் முன்பு ஜன்னல் இடுக்கெல்லாம் ஃபோம் வைத்து அடைத்து, கண்ணாடிக்குக் கறுப்புத்தாள் ஒட்டி, நாள் முழுக்க ஏசி என்றாயிற்று. வெளிக்காற்று வரும் துவாரம் ஒன்று கூரையோரம் இருந்தது. அதன் வழியாக அனல் வருகிறது, ஏசி திணறுகிறது என்று எலக்ட்ரீஷியன் சொன்னபோது, "அட்டையை வெச்சு மூடிடுப்பா" என்று சொன்னது ஏகாம்பரம்தான்.

அந்த அட்டை அங்கேயே இருந்தது.

புதன்கிழமை, முழங்கால் அறுவை சிகிச்சைக்கான விண்ணப்பம் ஒன்றைப் பிரசவம் என்று பதிவு செய்தார். நோயாளியின் பெயர் கோதண்டபாணி. திருத்தினார். அடுத்ததை எடுத்தார். எழுத்துகள் நீரில் கிடப்பதுபோல் அசைந்தன.

யாரோ தோளைத் தொட்டார்கள். நிமிர்ந்தபோது கன்னத்தில் விசைப்பலகையின் தடம் இருந்தது. நூருன்னிசா நின்றுகொண்டிருந்தார்.

"சார், பாத்ரூம்வரைக்கும் போயிட்டு வாங்க."

"எதுக்கும்மா?"

"அங்க இருக்கற ஜன்னல் ஒண்ணுதான் திறக்கும். அஞ்சு நிமிஷம் நின்னா தலை தெளிஞ்சிடும். நாங்க எல்லாரும் அப்படித்தான் சார் செய்யறோம்."

அவர் எழுந்து போனார். பாத்ரூம் ஜன்னலில் ஏற்கெனவே இரண்டு பேர் முகத்தை வைத்து நின்றிருந்தார்கள். இவரைப் பார்த்துப் பதறி விலகினார்கள். "இருங்க, இருங்க" என்று அவர்களுக்கு நடுவில் ஒதுங்கி நின்றார். யார் எத்தனை தடவை எழுந்து போகிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துவைத்திருந்தது ஞாபகம் வந்தது. காது சூடானது.

திரும்பி வந்ததும் நூருன்னிசாவிடம் கேட்டார். "என் ரூம்ல உனக்கு எப்படியிருக்கு?"

"தூக்கமே வரலை சார்." அதைச் சொல்லிவிட்டு நூருன்னிசா பயந்துபோனார்.

வியாழக்கிழமை ஏகாம்பரம் உறுதியோடு வந்தார். ஃபோமைப் பிய்க்கச் சொன்னார். ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறக்கச் சொன்னார். ஹாலில் ஒரு ஆரவாரம். பதினைந்து நிமிஷம் எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு அனல் ஏறியது. காய்ந்துகிடந்த ஏரியில் யாரோ குப்பைக்குத் தீ வைத்திருந்தார்கள். அந்தப் புகை மேற்குக் காற்றோடு நேரே உள்ளே வந்தது. காகிதங்கள் பறந்தன. மூன்றாம் வரிசை வேலாயுதத்துக்கு ஆஸ்துமா. அவர் மூச்சுக்குத் தவித்து இன்ஹேலரைத் தேடியபோது, ஏகாம்பரமே ஓடி ஓடி ஜன்னல்களைச் சாத்தினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மங்கையர்க்கரசியின் வீட்டு வாசலில் நின்றார்.

"கையெழுத்துப் போட்டாச்சா?" என்று கேட்டார் குரு.

"கிழிச்சுப் போட்டுட்டேன். போடறதா இருந்தா அதுல என் பேரைத்தான் முதல்ல எழுதணும்."

"உட்காருங்க."

உட்கார்ந்தார். "அம்மா, மூடினா உள்ளே கெட்டுப்போகுது. திறந்தா வெளியிலிருந்து கெட்டது வருது. வெயில் நம்ம கையில இல்லை. மழையும் இல்லை. நான் மூடறதா, திறக்கறதா?"

"மூச்சை நல்லா உள்ளே இழுங்க."

இழுத்தார்.

"அப்படியே வெச்சுக்கோங்க."

வைத்துக்கொண்டார். பழகியவர்தான். ஆனாலும் ஒரு நிமிஷம் தாண்டியபோது கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் கட்டியது. விட்டுவிட்டார்.

"விட்டாச்சா? இப்ப உள்ளே இழுக்காதீங்க."

அது இன்னும் கஷ்டமாக இருந்தது. சீக்கிரமே தோற்று, வாயைத் திறந்து காற்றை அள்ளினார்.

மங்கையர்க்கரசி அவர் மூக்கைக் காட்டினார். "வாய் இவ்வளவு பெரிசா இருக்கும்போது இது எதுக்கு?"

ஏகாம்பரம் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த ஒன்றரை மாதம் நான்காம் மாடியில் சத்தமாகவே இருந்தது. பூஞ்சை பிடித்த கூரைப் பலகைகள் இறங்கின. துவாரத்து அட்டை போயிற்று. அந்த இடத்தில் தூசியையும் புகையையும் வடிகட்டி வெளிக்காற்றை உள்ளே தள்ளும் மின்விசிறிப் பெட்டி ஒன்று வந்தது. மேற்குச் சுவருக்கு வெளியே மூங்கில் தட்டிகள் கட்டினார்கள். மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு. வேலை நேரம் ஏழு மணிக்கு மாறியது. ஊர் சூடேறும் முன்பு ஜன்னல்கள் ஒரு மணி நேரம் திறந்து கிடந்தன. தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் போனில் கடிந்துகொண்டார். "நீங்க வந்து கடைசி வரிசையில ஒரு மத்தியானம் உட்காருங்க சார். அப்புறம் பேசலாம்" என்றார் ஏகாம்பரம். அவர் வரவில்லை. அதன் பிறகு கடிந்துகொள்ளவும் இல்லை.

ஹாலின் நடுத்தூணில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினார்கள். அறுபது பேர் விடும் மூச்சில் சேரும் கரியமில வாயுவை அது எண்ணாகக் காட்டும். எண் ஆயிரத்தைத் தாண்டினால் கதவுகளைத் திறந்துவிட்டு எல்லோரும் வராந்தாவுக்குப் போக வேண்டும். அதைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று கேட்டபோது, ஏகாம்பரம் கடைசி வரிசையைப் பார்த்தார். நூருன்னிசா தன் பழைய நாற்காலிக்கே திரும்பியிருந்தார்.

தப்புகள் குறைந்தன. தலைவலி லீவும் குறைந்தது. இல்லாமலே போய்விடவில்லை.

ஆனி மாதத்தில் ஒருநாள் மத்தியானம் மங்கையர்க்கரசி பார்க்க வந்தார். வெளியே நாற்பது டிகிரிக்குக் குறையாத வெயில். ஏகாம்பரம் அவரை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே அழைத்துப் போனார். தட்டி, பெட்டி, புதுக் கூரை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை பரிசுக்கோப்பையைக் காட்டுவதுபோலக் காட்டினார். குரு எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். கடைசி வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஏகாம்பரமும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நல்லாயிருக்கு ஐயா."

அந்த ஒரு சொல்லுக்காக ஒன்றரை மாதம் காத்திருந்தவர் அவர். ஆனால் அது கிடைத்ததும், அடியில் கிடந்தது மேலே வந்தது.

"அம்மா, மனசுல ஒண்ணு இருக்கு. வருஷா வருஷம் வெயில் கூடிக்கிட்டேதான் போகும்கறாங்க. மழையும் மொத்தமாக் கொட்டித்தான் பெய்யுமாம். உலகமே சூடாகும்போது இந்தத் தட்டியும் பெட்டியும் எத்தனை நாளைக்கு? நாளைக்கு இதுவும் போதாமப் போச்சுன்னா..."

அவர் முடிக்கவில்லை. மூன்று நாற்காலிக்கு அப்பாலிருந்து நூருன்னிசாவின் குரல் கணீரென்று கேட்டது.

"ஆயிரத்து இருபது! எல்லாரும் வராந்தாவுக்கு வாங்க!"

நாற்காலிகள் நகர்ந்தன. வேலாயுதம் கதவுகளை விரியத் திறந்தார். அறுபது பேரும் பேசிக்கொண்டே எழுந்தார்கள். ஏகாம்பரம் மட்டும் பதிலுக்காகக் குருவின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மங்கையர்க்கரசி எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டார்.

"கூப்பிடறாங்க பாருங்க," என்றார். "வாங்க."