நூறு டிகிரி அதிகம்

“‘உங்க பல்லு பொணத்தோட பல்லு மாதிரி வெளுத்துக் கிடக்கு. வெளிச்சமே உள்ளே போகலை.’ டாக்டரம்மா சொன்னதை ஒரு எழுத்து மாத்தாம சொல்றேன் மாஸ்டர். வேலையை வேற லேபுக்குக் குடுத்துடுவேன்னு மிரட்டல் வேற. அதான் பளபளப்பு வரட்டும்னு ஃபர்னஸ்ல நூறு டிகிரி கூட்டி வச்சேன். இதுல என்ன குத்தம்?”

ஐம்பது வயதில் பல் கட்டும் தொழில் கற்க வந்த ஜெசிந்தா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மாஸ்டர் ரெஹானா அவளைவிடப் பதினைந்து வயது இளையவள். அதற்காக ஜெசிந்தாவின் வாய் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

மேசைமேல், சிர்கோனியா என்ற பீங்கானில் செய்த இரண்டு பிரிட்ஜ். இரண்டுமே மூன்று பல் சேர்ந்தவை, ஒரே வாய்க்குச் செய்தவை. டாக்டர் தள்ளியது ஒன்று. ஜெசிந்தா சூடு கூட்டி எடுத்தது மற்றது. முறுக்கு கடிக்கும் ஆசையோடு ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் ஆஸ்பத்திரியில் காத்திருந்தார்.

ஃபர்னஸில் எது வெந்தாலும் கூடவே சோதனைக்கென்று குச்சிகள் வேகும். டாக்டர் தள்ளிய பிரிட்ஜோடு முதல் சூட்டில் வெந்த குச்சியை ரெஹானா முறிக்கும் கருவியில் வைத்தாள்.

“திருகுங்க அக்கா.”

திருகினாள். கருவியின் அளவுமுள் ஏறிக்கொண்டே போனது. மணிக்கட்டு வலித்த பிறகுதான் குச்சி முறிந்தது.

அடுத்தது ஜெசிந்தாவின் குச்சி. முள் முக்கால் தூரம்கூட ஏறவில்லை. டப்.

“அது சொத்தைக் குச்சியா இருக்கும்.”

“இன்னொண்ணு இருக்கே.”

அதுவும் டப்.

“சூடு பத்தாதது சீக்கிரம் உடையும்னு நீங்கதானே காட்டினீங்க? அப்ப கூட்டினா கெட்டிப்படணுமே!”

“ஒரு அளவுவரைக்கும் படும். அதுக்கு மேல, பீங்கானுக்கு உள்ளே இருக்கற பொடிமணி ஒவ்வொண்ணும் பக்கத்து மணியைத் தின்னு கொழுக்கும். சின்ன மணிங்க நெருக்கி நின்னா, விரிசல் வர்ற இடத்துல உப்பி வழியை அடைச்சுடும்.”

“கொழுத்தது?”

“விரிசல் வராமலே உப்பி, தானே விரிசலை உண்டாக்கும். வாயோட ஈரமே போதும்.”

“ஆனா என்னமாப் பளபளன்னு இருக்கு, பாருங்க!”

“கண்ணாடியைப் பார்த்துக்கிட்டா முறுக்கு தின்னுவார்?”

போன் அடித்தது. டாக்டர்தான். ரெஹானா போனை ஜெசிந்தாவின் பக்கம் தள்ளினாள்.

“எதை அனுப்பறதுன்னு நீங்களே சொல்லுங்க.”

“வேலை போச்சுன்னா மாஸ்டர்?”

“போனா நமக்குப் பட்டினி. அவருக்குப் பல்லு இருக்கும்.”

ஜெசிந்தா போனை எடுத்தாள்.

“டாக்டர், ஜெசிந்தா பேசறேன். பளபளப்புதான் வேணும்னா என் பல்லைப் புடுங்கித் தரேன். அவருக்கு, நீங்க வேண்டாம்னு தள்ளினீங்களே, அதையே வச்சு விடுங்க.”