நாற்பத்தேழு என்று அடித்த தகடு

கோபப்பட எனக்கு உரிமை இல்லையா? முப்பத்தெட்டு வருஷம் தஞ்சாவூர் கோர்ட்டில் கோபத்தை வைத்துத்தான் சோறு தின்றேன். ஆனால் ஜெசிந்தா டீச்சர் வீட்டில் அன்று எனக்கு வந்த கோபத்தைப் போல் ஒரு ஜட்ஜிடம்கூட வந்ததில்லை.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. துப்பாக்கி செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் பாகங்களைச் சோதித்து முத்திரை அடித்தவர். வேலையை விட்ட பிறகு, பழைய ஆயுதம் சேர்க்கும் எங்களைப் போன்ற நாலைந்து பைத்தியங்களுக்குத் திருச்சியில் தன் வீட்டிலேயே பாடம் சொன்னார். என்னைவிடப் பதினாறு வயது இளையவர். ஆனாலும் அவர் எழுந்தால் நானும் எழுந்து நிற்பேன்.

நான் சேர்த்தது ஜெர்மன் ராணுவக் கைத்துப்பாக்கிகள். பதினொன்று. எல்லாம் குழாய் அடைத்து, சுடமுடியாமல் செய்தவை, காகிதங்கள் பக்கா. மரப்பிடியில் சிவப்பாக ஒன்பது செதுக்கிய மவுசர் இருக்கிறது. கடற்படைக்காரர்களுக்குச் செய்த நீளக்குழாய் லூகர் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் டீச்சர் தன் கையால் ஓர் அட்டை எழுதித் தந்திருக்கிறார். எந்த வருஷம் செய்தது, எந்தப் படைக்குப் போனது, யார் யார் கையில் இருந்தது, எந்தப் பாகம் எப்போது மாறியது, எல்லாம் அதில் இருக்கும். அவர் அட்டை இல்லாத துப்பாக்கியை எங்கள் வட்டத்தில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பன்னிரண்டாவது அட்டைக்காகத்தான் அன்று போனேன்.

ராணுவ லூகர். அதில் சின்னச் சின்னப் பாகத்தில்கூட, துப்பாக்கி எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை அடித்திருப்பார்கள். எல்லாப் பாகத்திலும் ஒரே எண் இருந்தால்தான் எங்களுக்கு உயிர். நான் கொண்டுபோனதில் எல்லாம் எண்பத்திரண்டு.

டீச்சர் மேஜையில் துணி விரித்தார். கையாலேயே ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தார். பக்கத் தகடு வந்ததும் நின்றுவிட்டார். கட்டைவிரலால் எண்ணின் மேல் தடவினார். இன்னொரு தடவை தடவினார்.

"வக்கீல் சார், இதை எப்ப அடிச்சீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "நான் அடிச்சேன்னு யார் சொன்னது?"

"பழைய முத்திரைன்னா ஓரம் தேஞ்சு வழவழன்னு இருக்கும். இது விரலைக் கீறுது. சுத்தி வேற அரம் போட்டிருக்கு. பதினெட்டு வருஷம் இதையே பாத்தவகிட்ட வந்து மறைக்கிறீங்களே."

"சரி, அடிச்சேன். போன மாசம்" என்றேன். "அதுல நாப்பத்தேழுன்னு இருந்தது. மத்த எல்லாம் எண்பத்திரண்டு, இது ஒண்ணு மட்டும் நாப்பத்தேழு. பாயசத்துல கல்லு கிடந்தா எடுத்துப் போடாம முழுங்கச் சொல்றீங்களா?"

டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. அவர் குரல் உயர்ந்து நான் அதுவரை கேட்டதில்லை.

"எடுத்துப் போட்டீங்களா? அழிச்சிருக்கீங்க சார்! எந்தத் தைரியத்துல அரத்தை எடுத்தீங்க?"

"நீங்க கொடுத்த தைரியம்தான்! எண் பொருந்தணும், எண் பொருந்தணும்னு ஆறு வருஷமா ஓதினது யாரு?"

"பொருந்துதான்னு பாக்கச் சொன்னேன். அடிக்கச் சொல்லல."

"தப்பு என் மேலயா? தன் அப்பா கொண்டுவந்தபடியே இருக்குன்னு சொல்லி, கலப்படத்தை என் தலையில கட்டினாரே சவரிமுத்து, அவர் மேல தப்பில்லையா? நோட்டீஸ் விடாம இருக்கேனேன்னு சந்தோஷப்படணும் அவர்!"

சவரிமுத்து, எனக்கு அந்தத் துப்பாக்கியை விற்றவர். பொன்மலையில் இருக்கிறார். ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அப்பா அருளப்பன் வெள்ளைக்காரன் ராணுவத்தில் ஹவில்தார்.

"அந்த ஒரு தகடு மட்டும் ஏன் மாறியிருக்குன்னு கேட்டீங்களா அவர்கிட்ட?" என்றார் டீச்சர்.

நான் கேட்கவில்லை. வாங்கப் போன அன்று அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். கதையெல்லாம் அப்புறம், முதலில் லைசென்ஸை எடுங்கள் என்றேன். அதில் என்ன தப்பு? கதையைக் கேட்டு எந்த வக்கீல் கேஸ் ஜெயித்தான்?

டீச்சர் போனை எடுத்தார்.

"கூப்பிடுங்க, நல்லாக் கூப்பிடுங்க" என்றேன். "நேர்லயே நியாயம் தெரியட்டும்."

முக்கால் மணி நேரத்தில் சவரிமுத்து ஆட்டோவில் வந்து இறங்கினார். எழுபத்தாறு வயது. வேர்த்துப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"வக்கீலய்யா, சௌக்கியமா? அப்பா துப்பாக்கி பத்திரமா இருக்கா?"

டீச்சர் தகட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

சவரிமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இது எங்களோடது இல்லீங்களே. எங்களோடதுல நாப்பத்தேழு இருக்கும்."

"உங்களோடதுதான்" என்றார் டீச்சர்.

சவரிமுத்து நகத்தால் சுரண்டினார். "அரம் போட்டிருக்கே... யாரு கை வச்சது?"

"நான்தான்" என்றேன். "சரி பண்ணினேன்."

"எதைய்யா சரி பண்ணின?"

கும்பிட்ட மனுஷன், ஒரே நிமிஷத்தில் ஒருமைக்கு வந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மரியாதையாப் பேசுங்க" என்றேன்.

"மரியாதையா? ஒரு துரும்புகூட மாத்த மாட்டேன்னு என் வீட்ல, மாதா படத்துக்கு முன்னால நின்னு சொன்னியே, அந்த வாய்க்கா மரியாதை?"

சொன்னேன்தான். விற்க யோசித்துக்கொண்டே இருந்தார், அதனால் சொன்னேன்.

"உக்காருங்கய்யா" என்று டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார். சவரிமுத்து உட்காரவில்லை. என்னைப் பார்த்தே சொன்னார்.

"ரெண்டாம் உலகப்போர்ல, துனிசியாவுல ஜெர்மன்காரன் சரணடைஞ்சப்போ துப்பாக்கியெல்லாம் மணல்ல குவிஞ்சு கிடந்துச்சாம். எங்கப்பா ஒண்ணு எடுத்தாரு. அவரு கூட்டாளி மாடசாமி ஒண்ணு எடுத்தாரு. கோவில்பட்டிப் பக்கத்து ஆளு. ரெண்டு பேரும் ஒரே கம்பளியில உக்காந்து பிரிச்சுத் துடைச்சாங்க. மாடசாமி தன் தகட்டை எங்கப்பாவோடதுல மாட்டிட்டு, அப்பா தகட்டைத் தன்னோடதுல மாட்டிக்கிட்டாராம். ஊருக்கு வந்து மாத்திக்கிறேன், அதுக்கு முன்னாடி நீ செத்தே, கொன்னுபுடுவேன்னு சொன்னாராம்."

தகட்டைக் கைக்குள் மூடிக்கொண்டார். கோபம் மட்டும் குறையவில்லை.

"மறுவருஷம் இத்தாலியில கண்ணிவெடி எடுக்கும்போது செத்துட்டாரு. அடக்கம் பண்ண ஒண்ணும் மிஞ்சல. சண்டை முடிஞ்சு எங்கப்பா அவரு ஊருக்குப் போனாரு. ஆத்தாளும் செத்துப் போயிருந்தா. ஒரு போட்டோ கிடையாது. அந்த மனுஷன் இந்த உலகத்துல இருந்ததுக்கு இந்த நாப்பத்தேழுதான்யா மிச்சம்! கல்லறைத் திருநாளன்னிக்கு எங்கப்பா கல்லறையில ரெண்டு மெழுகுவத்தி ஏத்துவோம். ரெண்டாவது வத்திக்குக் கீழ இந்தத் தகட்டை வைப்போம். எங்கப்பா உசுரோட இருந்தப்போ வீட்லயே வச்சு ஏத்துவாரு."

"அவ்வளவு பெரிசுன்னா ஏன் வித்தீங்க?" என்றேன். நல்ல குறுக்கு விசாரணைக் கேள்வி என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

"எனக்குப் பின்னால பாத்துக்க ஆளில்ல. பொண்ணுங்க ரெண்டும் துபாய்ல. நான் கண்ணை மூடினா போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருவாங்க, அங்க உருக்கிருவாங்க. நீ வரலாறு தெரிஞ்ச ஆளு, வச்சுக் காப்பாத்துவேன்னு கொடுத்தேன். வருஷத்துல ஒரு நாள் தகட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கலாம்னு இருந்தேன். அதைத்தான் அன்னிக்குச் சொல்ல வந்தேன். நீ லைசென்ஸை எடுன்னே."

தகட்டை மேஜைத் துணியில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

"துப்பாக்கியைத் திருப்பித் தந்துடறேன்" என்றேன்.

"அதை வச்சு நான் என்ன பண்ண?" என்றார். தெருவில் இறங்கி நடந்துவிட்டார். ஆட்டோகூடக் கூப்பிடவில்லை.

டீச்சர் பாகங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினார். பிறகு புது அட்டை ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தார். எனக்கு ஆச்சரியம். அட்டை தரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

எழுதி முடித்து என் பக்கம் திருப்பி வைத்தார். வருஷம், படை, துனிசியா, ஹவில்தார் அருளப்பன் எல்லாம் இருந்தது. கடைசியில் இப்படி இருந்தது:

'பக்கத் தகடு: நாற்பத்தேழு. கோவில்பட்டி மாடசாமியுடையது. தஞ்சாவூர் வழக்கறிஞர் கல்யாணராமன் அரம் போட்டு அழித்து, எண்பத்திரண்டு என்று அடித்தார்.' கீழே தேதி.

எனக்கு மறுபடியும் கொதித்தது. இந்த அட்டையை நாலு பேர் பார்ப்பார்கள். கண்காட்சியில் கண்ணாடிக்குள் வைப்பார்கள்.

"மாடசாமி பேரைப் போட்டீங்க, நியாயம்" என்றேன். "என் பேர் எதுக்கு? அவமானப்படுத்தணும்னே எழுதறீங்களா? துப்பாக்கியோட சரித்திரத்துல நான் எங்க வந்தேன்?"

டீச்சர் பேனாவை மூடினார்.

"மாடசாமி ரெண்டு தடவை செத்திருக்காரு, வக்கீல் சார். இத்தாலியில அந்த வெடியைப் புதைச்சது யாருன்னு எவனுக்கும் தெரியாது. தஞ்சாவூர்ல யாருன்னு தெரியும்."