நெடுமார்பன் ஏறிய பனிப்பாறை

உலகத்தின் தென்கோடியில் ஒரு விரிகுடா. அதன் கரையில் முந்நூறு பென்குயின்கள் வாழ்ந்து வந்தன. அவற்றுக்கு நெடுமார்பன் என்ற பென்குயின் தலைவனாக இருந்தது. புயல் வருவதை இரண்டு நாள் முன்பே சொல்லிவிடும். மீன் கிடைக்கும் இடம் அதற்கு அத்துப்படி. அதனால் மற்றவை அதன் பேச்சைத் தட்டுவதில்லை.

அந்தக் கோடையில் சிறுத்தைக் கடல்நாய் ஒன்று அங்கே வந்து சேர்ந்தது. உடம்பெல்லாம் புள்ளி, வாயெல்லாம் பல். கரையோர நீரில் மறைந்திருந்து, இறங்குகிற பென்குயின்களைக் கவ்விக்கொண்டு போனது. சில நாட்களில் கரைமேலேயே ஊர்ந்து வந்தது.

இறகு உதிரும் காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. பழைய இறகு போய்ப் புதியது முளைக்கும் மூன்று வாரமும் பென்குயின் கடலில் இறங்கக் கூடாது. இறங்கினால் தண்ணீர் தோலில் ஊறி, உடம்பு விறைத்துவிடும். பட்டினியோடு ஓரிடத்தில் நின்றிருக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் கடல்நாய் கரையேறினால் என்ன செய்வது என்று எல்லாம் கவலைப்பட்டன.

கரைக்குப் பின்னால் ஒரு கல் குன்று இருந்தது. அங்கே போய்விடலாம் என்று கருவிழி என்ற பெண் பென்குயின் சொன்னது. ஆனால் குன்று செங்குத்து. ஏற அரை நாள் ஆகும். மேலே காற்று தோலை உரிக்கும். யாருக்கும் மனம் வரவில்லை.

அப்போதுதான் பெரிய பனிப்பாறை ஒன்று மிதந்து வந்து விரிகுடாவுக்குள் நின்றது. ஒரு பக்கம் சரிவு, ஏறுவதற்கு எளிது. மேலே காற்று படாத அகலமான பள்ளம். கடல்நாய் ஏற முடியாதபடி சரிவு வழுக்கியது. நகங்களை ஊன்றிப் பென்குயின்கள் மட்டும் ஏறின. நெடுமார்பன் மேலே நின்று நாலாபக்கமும் பார்த்துவிட்டு, இறகு உதிரும்வரை இங்கேயே தங்கலாம் என்று அறிவித்தது. முந்நூறும் மகிழ்ந்தன.

மறுநாள் மனிதர்களின் கப்பல் ஒன்று வந்தது. மேல்தளத்தில் ஒருவர் பலகையில் தாளை விரித்து அந்தப் பனிப்பாறையைப் படமாக வரைந்தார். சிகரம், அதன் நீலக் கீற்றுகள், மேலே நின்ற பென்குயின்கள் எல்லாம் படத்தில் வந்தன. நெடுமார்பன் கழுத்தை நிமிர்த்தி நின்றது. இவ்வளவு தூரம் தேடி வந்து வரைகிறார்கள் என்றால் இது சாதாரண பாறை இல்லை என்று எல்லாரிடமும் சொன்னது.

கருவிழி வேறொன்றைக் கவனித்தது. கப்பலில் இன்னொருவர் ஆழம் பார்க்கும் ஈயக் குண்டு கட்டிய கயிற்றைப் பாறையின் ஓரமாக நீரில் இறக்கினார். இழுத்தார், மறுபடி இறக்கினார். பிறகு ஓடிப்போய் ஏதோ சொன்னார். வரைந்தவர் படத்தை முடிக்கக்கூட இல்லை. கப்பல் அவசரமாகத் திரும்பிப் போய்விட்டது.

அன்று மாலை துடுப்பன் வந்தது. துடுப்பனும் கடல்நாய்தான், ஆனால் மீன் மட்டும் தின்னும் வகை. பாறைக்கு அடியில் மீன் பிடிக்கப் போயிருந்தது. தலையை நீருக்கு மேலே நீட்டி, தலைவனோடு பேச வேண்டும் என்றது. நெடுமார்பன் சரிவின் விளிம்புக்கு வந்தது.

"தலைவரே, நீங்கள் மேலே பார்ப்பது கொஞ்சம். மிச்சமெல்லாம் நீருக்குள் இருக்கிறது. ஒரு பக்கத்தை வெதுவெதுப்பான நீரோட்டம் குடைந்துகொண்டே வருகிறது. பாறை புரண்டுவிடும். இறங்கிவிடுங்கள்" என்றது துடுப்பன்.

நெடுமார்பன் அதை உற்றுப் பார்த்தது. "அந்தச் சிறுத்தைக் கடல்நாய் உனக்கு என்ன உறவு?"

தூரத்து உறவுதான் என்று துடுப்பன் ஒப்புக்கொண்டது.

"நாங்கள் கரைக்குத் திரும்பினால் யாருக்கு விருந்து என்று எனக்குத் தெரியும். போய் வா."

துடுப்பன் நீருக்குள் போய்விட்டது. பென்குயின்கள் சிரித்தன.

கருவிழிக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு இன்னும் இறகு உதிரத் தொடங்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் சரிவில் இறங்கி நீரில் குதித்தது. சிறுத்தைக் கடல்நாய் எந்தப் பக்கம் இருக்கிறதோ தெரியாது. துடுப்பனே உண்மையில் எப்படிப்பட்டதோ, அதுவும் தெரியாது.

"அண்ணா, நீங்கள் சொன்னதைக் காட்டுங்கள்" என்று துடுப்பனைத் தேடிப்பிடித்துக் கேட்டது.

இரண்டும் ஆழத்துக்குப் போயின. மேலே இருப்பதைப்போல ஏழெட்டு மடங்கு பனி கீழே தொங்கிக்கொண்டிருந்தது. கிழக்குப் பக்கம் ஒரு குகை. அதற்குள் முந்நூறு பென்குயின்களும் நின்றுவிடலாம். கருவிழி பார்த்துக்கொண்டிருக்கும்போதே குகைவாயின் விளிம்பிலிருந்து ஆளுயரப் பனித்துண்டு ஒன்று பிய்ந்து மேல்நோக்கி மிதந்து போனது.

கருவிழி மேலே வந்து, கண்டதை ஒன்றுவிடாமல் எல்லார் முன்னிலையிலும் சொன்னது. கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது.

"உன்னை ஏமாற்ற ஏதோ ஒரு குகையைக் காட்டியிருக்கிறது" என்றது நெடுமார்பன்.

"நீங்களே வந்து பாருங்கள், தலைவரே. ஒரு முறை மூழ்கி எழும் நேரம்தான்."

நெடுமார்பன் தயங்கியது. போய்ப் பார்க்கலாமா என்று அதற்கும் தோன்றத்தான் செய்தது. ஆனால் முந்நூறு ஜோடிக் கண்களும் தன்மேல் இருந்தன. இப்போது இறங்கினால், நேற்று சொன்னதில் தனக்கே சந்தேகம் என்று நினைப்பார்களே என்று எண்ணியது. பார்க்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டது.

கருவிழி அதற்குமேல் வாதாடவில்லை. வர விரும்புகிறவர்கள் வரலாம் என்றது. அதையும் சேர்த்து எண்பது பென்குயின்கள் இறங்கின. துடுப்பன் முன்னால் நீந்திக் காவல் காத்துக் கரை சேர்த்தது. எண்பதும் அரை நாள் ஏறிக் குன்றின் உச்சியை அடைந்தன. காற்று கொன்றது. ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

பாறைமேல் இருந்த இருநூற்று இருபதுக்கும் இறகு கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. பத்தாம் நாள், பாறையின் கிழக்குப் பக்கம் தாழ்ந்து, மேற்குப் பக்கம் சற்று உயர்ந்திருந்தது. முன்பு நீருக்குள் இருந்த வழவழப்பான நீலப் பட்டை வெளியே தெரிந்தது. சில பென்குயின்கள் பயந்துபோய்த் தலைவனைக் கேட்டன.

"பாறை வளர்கிறது. உயரம் கூடினால் நமக்குத்தானே நல்லது" என்றது நெடுமார்பன். அது அப்படித்தான் நம்பவும் செய்தது.

பன்னிரண்டாம் நாள் நடுப்பகலில் அடியிலிருந்து இடிபோல ஒரு சத்தம் வந்தது. பள்ளம் மெதுவாகச் சாய்ந்தது. பிறகு வேகமாகச் சாய்ந்தது. சிகரம் கடலுக்குள் போனது, கடலுக்குள் இருந்தது மேலே வந்தது. இருநூற்று இருபதும் தண்ணீரில் விழுந்தன.

நீந்த முடிந்தவை உடைந்த பனித்துண்டுகளில் தொற்றிக்கொண்டன. துடுப்பன் சத்தம் கேட்டு விரைந்து வந்தது. ஒவ்வொரு துண்டாகத் தலையால் முட்டிக் கரைக்குத் தள்ளியது. சிறுத்தைக் கடல்நாயும் வந்தது, ஆனால் அது வேறு வேலையில் இருந்தது. குன்றின் மேலிருந்த எண்பதும் பாதி இறகோடு சறுக்கிக்கொண்டே இறங்கி வந்தன. நனைந்து நடுங்கியவற்றை நடுவில் விட்டுச் சுற்றி வளைத்து நின்று சூடேற்றின.

தொண்ணூறு பென்குயின்கள் கரை சேரவில்லை.

நெடுமார்பன் சேர்ந்தவற்றில் ஒன்று. கடைசித் துண்டில் அதைத் துடுப்பன்தான் கொண்டுவந்து சேர்த்தது. நெடுமார்பன் நெடுநேரம் கடலைப் பார்த்தபடி கிடந்தது. பிறகு கருவிழியிடம், "நீ கூப்பிட்டபோது வந்திருக்கலாம். வெட்கப்பட்டுத்தான் வரவில்லை" என்றது. கருவிழி இன்னும் நெருங்கி நின்று அதன்மேல் காற்று படாமல் மறைத்தது.

குன்றின் உச்சியில் புது இறகு முளைத்து எல்லாம் கடலுக்குப் புறப்பட்டபோது, அடுத்த விரிகுடாவின் பென்குயின்கள் வந்து என்ன நடந்தது என்று விசாரித்தன. நெடுமார்பன் எதையும் மறைக்கவில்லை. தன்னை இருவர் எச்சரித்ததையும், தான் இறங்கிப் பார்க்காததையும், தொண்ணூறு என்ற எண்ணையும் தன் வாயாலேயே சொன்னது. அதன் பிறகு அந்தக் கூட்டத்துக்குக் கருவிழி தலைவியானது.

பிறர் உயிருக்குப் பொறுப்பேற்றவர், தம் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தையும் வெட்கம் பாராமல் இறங்கிப் போய்ப் பார்த்தாக வேண்டும்.