வளைந்து ஏறிய அலங்கு

சீன தேசத்தில், மேகம் வந்து படுத்துக்கொள்ளும் ஒரு மலைக்காட்டில், சூலான் என்ற அலங்கு தன் குட்டியோடு வாழ்ந்தது. அலங்கு தெரியுமா, குழந்தைகளே? எறும்புதின்னிதான். உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில். ஆபத்து வந்தால் குட்டியை வயிற்றோடு அணைத்துப் பந்தாய்ச் சுருண்டுவிடும். எந்தப் பல்லும் இறங்காது.

அந்த வருஷ மழையில் வளைக்குள் வெள்ளம் புகுந்தது. காய்ந்த மண் உச்சிக் கோயிலுக்குப் பின்னால்தான் இருந்தது. அங்கே போக ஆறாயிரம் கல்படி! குட்டி மீமீயை வாலில் ஏற்றிக்கொண்டு சூலான் அண்ணாந்து பார்த்தது.

"ஏறு, ஏறு! ஆனால் பயத்தில் சுருண்டுகிருண்டு விடாதே. உருண்டு அடிவாரத்துக்கே வந்துவிடுவாய்!" படியோரக் கைப்பிடிச் சங்கிலியில் தொங்கிய ஒரு குரங்கு சிரித்தது.

பின்னால் இன்னொரு குரல். சிறுத்தை! செதிலைக் கடித்தால் பல்தான் போகும் என்று அதற்குத் தெரியும். அதனால் தேன் தடவிப் பேசியது.

"அக்கா, குட்டியை என்னிடம் கொடேன். ஒரே ஓட்டத்தில் மேலே கொண்டுபோய் விடுகிறேன்."

"வேண்டாம் தம்பி. என் பிள்ளை எனக்குக் கனமில்லை."

"இப்போது அப்படித்தான் சொல்வாய். கடைசிப் படியில் காத்திருக்கிறேன். கால் துவண்டு வந்து நீயே கொடுப்பாய், பார்!"

சிறுத்தை விருட்டென்று நேர் மேலே பாய்ந்தது.

சூலானால் சுருள முடியாது, உருண்டுவிடும். திரும்பினால் வெள்ளம். மேலே சிறுத்தை.

அப்போது, காவடிக் கம்பின் இருபக்கமும் அரிசி மூட்டை தொங்க, ஒரு சுமைக்காரர் வந்தார். அவர் நேராக ஏறவில்லை. இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்குச் சாய்வாக ஏறினார். பிறகு வலதிலிருந்து இடதுக்கு. வாயில் பாட்டு வேறு!

'அவ்வளவு பாரம் ஏறுகிற வழியில் நான் ஏறமாட்டேனா?' சூலான் அவர் பின்னாலேயே போனது.

"பைத்தியமே, இது இரண்டு மடங்கு தூரம்!" என்று கத்திக்கொண்டே குரங்கும் சங்கிலியில் தாவி வந்தது.

"இருக்கட்டுமே. பாதி வலிதானே!"

மீமீக்கோ ஊஞ்சல்! "அம்மா, அந்தப் பக்கம்! இப்போ இந்தப் பக்கம்!"

கடைசிப் படி வந்தது. அங்கே சிறுத்தை கிடந்தது. ஆறாயிரம் படியும் நேர்ப் பாய்ச்சல்; நான்கு காலும் விறைத்துப்போய், நாக்கு கல்லில் தொங்கியது. சூலானைக் கண்டதும் எழப் பார்த்தது. முன்கால் மடங்கி மூக்கு படியில் 'டொக்' என்று இடித்தது.

"கால் பிடித்துக்கொண்டதா, தம்பி? ஏறு என் வாலில். மீமீ கொஞ்சம் தள்ளி உட்காரும்," என்றது சூலான்.

"ஐயோ அம்மா, இது ரொம்பக் கனமாச்சே!" என்றது மீமீ.

குரங்கு சிரித்த சிரிப்பில் சங்கிலியை விட்டுவிட்டது.

கோயில் மணி அடித்தது. பின்பக்கத்துக் காய்ந்த மண்ணில் புது வளை தோண்டும் சத்தமும் அதோடு சேர்ந்துகொண்டது.

நீதி: பாரம் சுமப்பவர் போகும் வழியே மலைக்கு நேர்வழி.