மூடிய கூடையும் ராஜாவின் விடுகதையும்

செந்நெல்பாடி ராஜா பூபாலருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று வாத்து, இன்னொன்று விடுகதை. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டதில் அவையோர் பாடுதான் திண்டாட்டம்.

அரண்மனைக் குளம் நிறைய வாத்துகள். அவை ஒழுங்காக அடைகாப்பதில்லை என்று, அரண்மனைக் கோழிகளையும் அந்த வேலையில் இறக்கியிருந்தார். காலையில் ராஜசபை கூடியதும் ஒரு விடுகதை போடுவார். "நாளெல்லாம் தண்ணீரில் கிடப்பான், சட்டை நனையாது. யார்?" விடை வாத்து. மறுநாள், "துடுப்பைக் காலில் கட்டிக்கொண்டே பிறந்தவன் யார்?" அதுவும் வாத்துதான். தெரிந்தும் தெரியாத மாதிரி மண்டையைச் சொறிவதுதான் அங்கே உத்தியோகம்.

"தாமரை இலையோ மகாராஜா?" என்பார் பிரதானி கோதண்டம்.

ராஜாவே விடையைச் சொன்னதும் எல்லாரும் வாயைப் பிளக்க வேண்டும்.

அந்த அவைக்குப் புதிதாக வந்து சேர்ந்தான் மருதவாணன். வாய்த்துடுக்குக்காரன். "தள்ளாடி நடப்பான், கள்ளைத் தொடமாட்டான்..." என்று ராஜா ஆரம்பித்ததுமே, "வாத்து" என்று போட்டு உடைத்துவிட்டான். ராஜாவின் முகம் சுண்டிப்போயிற்று.

கோதண்டம் விடுவாரா? "மகாராஜா, இவனுக்கு வாத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. நாளைக்கு ஒரு கூடையை மூடிக் கொண்டுவருகிறேன். உள்ளே இருப்பதைச் சொல்லட்டும். தவறினால் ஊரை விட்டே போகட்டும்."

ராஜா தலையாட்டினார். மருதவாணனுக்கோ ஊர் ஊராக அலைந்து கிடைத்த வேலை அது.

மறுநாள் கூடை வந்தது. மேலே பட்டுத்துணி. "உள்ளே இருப்பது பறவை. என்ன பறவை?" என்று மீசையைத் தடவினார் கோதண்டம்.

மருதவாணன் கூடையைத் தட்டிப் பார்த்தான். கத்தலும் இல்லை, சிறகடிப்பும் இல்லை. தூக்கி வந்த உலுக்கலுக்கு வேறு பறவையாயிருந்தால் ஊரையே கூட்டியிருக்கும். அவன் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது.

"வாத்து, மகாராஜா."

கோதண்டம் துணியை உருவினார். உள்ளே ஒரு பெட்டைக்கோழி எல்லாரையும் முறைத்தது.

"கோழி! கோழி!" என்று குதித்தார் அவர். "அரண்மனையில் சத்தம் போடாத கோழியாகத் தேடி, கூடையோடு தூக்கி வந்தேனாக்கும்!"

"அதேதான் பிரதானியாரே. உலுக்கினாலும் கத்தாமல் உட்கார்ந்திருக்க அடைக்கோழியால்தான் முடியும். மகாராஜா, அதைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள்."

கையில் இரண்டு கொத்து வாங்கிக்கொண்டு ராஜா கோழியைத் தூக்கினார். வைக்கோலில் பெரிய பெரிய முட்டைகள். ஒன்று விரிசல் விட்டு, ஒரு தட்டை மூக்கு வெளியே எட்டிப் பார்த்தது. "அட, என் செல்லமே!" என்று ராஜா குழைந்துபோனார்.

கோதண்டம் விடவில்லை. "இருந்தாலும், மேலே உட்கார்ந்திருந்தது கோழிதானே!"

"கோழிதான் ஐயா, யார் இல்லை என்றது?" மருதவாணன் ராஜாவைப் பார்த்துக் கும்பிட்டான். "மகாராஜா, உங்கள் அரண்மனையில் கோழி அடைகாத்தாலே வாத்துதான் வருகிறது. நான் வாயைத் திறந்தால் வேறென்ன வரும்?"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவிவிட்டது. மருதவாணனுக்கு வேலை நிலைத்தது. கூடவே ஒரு பரிசும் கிடைத்தது. என்ன பரிசு என்கிறீர்களா? அதையும் நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமாக்கும்!